மண்பாண்டத்தில் பொதிந்த நினைவு
பூபேன் கக்கரின் கலையும் ஆயர் பணியும்

முன்னுரை

கலைப்படைப்பு ஒன்றினை இறையியல் நோக்கில் அணுகுவது எவ்வாறு என்பது பற்றி வகுப்பில் உரையாடிக்கொண்டிருந்தபோது, மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் ஓர் ஓவியத்தின் அச்சுப்படியை மேசைமேல் வைத்து, "ஐயா, இதைத் திருச்சபையார் பார்க்கலாமா?" என்று வினவினார். ஆடையற்ற இரு ஆடவர் ஒருவரையொருவர் தழுவி நிற்கும் காட்சி அது. சிலர் சிரித்தனர், சிலர் தலைகுனிந்தனர். அடுத்த வாரம் பேசலாம் என்று கூறி அன்று நான் பாடத்தை முடித்துவிட்டேன். அம்மாணவருக்குத் தரவேண்டிய விடையையே சற்றுக் காலந்தாழ்த்தி இங்கு எழுதுகிறேன்.

அந்த ஓவியம் பரோடா நகரில் வாழ்ந்த பூபேன் கக்கர் (1934-2003) தீட்டிய 'காசியில் இரு மனிதர்' என்பதாகும். தன்பால் ஈர்ப்புடையோரின் நெருக்கத்தையும் நினைவையும் இந்திய ஓவியத்தில் வெளிப்படையாகத் தீட்டியவர்களுள் முதல்வராக மதிக்கப்படுபவர் இவர். வண்ணத்திலும் களிமண்ணிலும் பணிபுரிந்தவர். இவரது வாழ்வையும் படைப்பையும் விளக்குவதும், அவை ஆயர் பணியாற்றுவோர்க்கு எழுப்பும் வினாக்களைச் சிந்திப்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். திருமறைப் பகுதிகளின் பொருள் குறித்துத் திருச்சபைகளிடையே நிலவும் வேறுபாட்டைத் தீர்த்துவைப்பது இதன் நோக்கமன்று.

1. கணக்காளர் ஓவியரான வரலாறு

பூபேன் கக்கர் 1934 மார்ச்சு 10ஆம் நாள் பம்பாயில், குசராத்தி பேசும் நடுத்தரக் குடும்பமொன்றில் பிறந்தார். பொருளியலும் வணிகவியலும் பயின்று பட்டயக் கணக்காளராகத் தேறினார். குடும்பத்தார் எதிர்பார்த்த பாதை அதுவே. ஆயினும் ஓவியர் குலாம் முகம்மது சேக்கின் நட்பு அவரை வேறு வழியில் திருப்பியது. 1962இல் பரோடா சென்று, மகாராசா சாயாசிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைத் துறையில் கலைத்திறனாய்வு பயின்றார். ஓவியம் தீட்டுவதில் முறையான பயிற்சி பெற்றவரல்லர். பெரும்பாலும் தாமே கற்றுக்கொண்டவர். வயிற்றுப்பாட்டிற்கு நெடுங்காலம் பகுதிநேரக் கணக்காளராகவே பணிபுரிந்தார். ஓவியத்தோடு குசராத்தி மொழியில் சிறுகதைகளும் நாடகமும் எழுதினார்.

அவரது தொடக்ககாலப் படைப்புகள் நாட்காட்டித் தாள்களில் காணும் தெய்வப் படங்களை வெட்டி ஒட்டிச் செய்யப்பட்டவை. 1970களின் தொடக்கத்தில் கடைகளையும் தொழிலாளரையும் தீட்டத் தொடங்கினார். கடிகாரம் பழுதுபார்ப்பவர், தையற்காரர், முடிதிருத்துபவர் ஆகியோர் தத்தம் சிறு கடைகளில் தனித்து அமர்ந்திருப்பதை அப்படங்களில் காண்கிறோம். உயர்கலை என்று அந்நாளில் கருதப்பட்டவற்றில் இவர்களுக்கு இடமில்லை. தாம்பரம் நிலையத்திற்கு எதிரேயுள்ள கடைத்தெருவில் நாம் நாள்தோறும் கடந்து செல்லும் முகங்கள் போன்றவை இவை. கடந்து செல்வோர் நின்று பார்க்கும்படி செய்ததே கக்கரின் முதற் சாதனை எனலாம்.

இங்கிலாந்தில் ஓவியர் ஓவர்டு ஓட்சுகினின் நண்பராகத் தங்கிப் பழகிய காலத்தில், ஆடவர் இருவர் மறைவின்றி ஒன்றாக வாழ்வதைக் கக்கர் கண்டார். 1980இல் அவருடைய அன்னையார் மறைந்தார். அன்னை உயிரோடிருந்தவரை தாம் யார் என்பதை மறைத்தே வாழ்ந்த அவர், ஏறத்தாழ 47ஆம் வயதில்தான் தம் உள்ளத்தைத் திரையில் வெளிப்படையாக வைத்தார். அன்று நடைமுறையிலிருந்த 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 377ஆம் பிரிவின்படி இத்தகைய உறவிற்கு ஆயுள்தண்டனை வரை விதிக்க இடமளித்தது என்பதை வாசகர் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

2. இரண்டு ஓவியங்கள்

'எல்லாரையும் மகிழ்விக்க இயலாது' என்னும் ஓவியம் 1981இல் தீட்டப்பட்டது. இன்று இலண்டனிலுள்ள டேட் கலைக்கூடத்தின் உடைமையாக உள்ளது. மாடி முகப்பில் ஆடையற்ற மனிதன் ஒருவன் தனித்து நின்று தெருவை நோக்குகிறான். கீழே தந்தையும் மகனும் கழுதையோடு செல்லும் பழங்கதை நிகழ்கிறது. கழுதைமேல் மகன் ஏறினாலும் குறை, தந்தை ஏறினாலும் குறை, இருவரும் ஏறினாலும் குறை, எவரும் ஏறாவிடினும் குறை. ஊரார் சொல்லையெல்லாம் கேட்டு இறுதியில் கழுதையையே இழக்கின்றனர். நம் குழந்தைகளும் அறிந்த கதைதான். அதனை மேலிருந்து பார்க்கும் மனிதன், ஊரார் வாய்க்கு அஞ்சியே தன் வாழ்நாளைக் கழித்தவன் என்பதை உணர்ந்தால் ஓவியத்தின் பொருள் விளங்கும். ஆடையின்மை இங்குக் காமத்தைத் தூண்டுவதற்காக அமைந்ததன்று. மறைப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்னும் நிலையையே அது குறிக்கிறது.

1982இல் தீட்டிய 'காசியில் இரு மனிதர்' ஓவியத்தில், கருநீல இருளில் இரு ஆடவர் பெரிய உருவங்களாய் ஒரு புறம் தழுவி நிற்கின்றனர். மறுபுறம் காசி நகரின் அன்றாட வாழ்வு சிறுசிறு காட்சிகளாக விரிகிறது. வழிபடுவோரும் துறவியரும் ஆற்றங்கரையும் அங்குக் காணப்படுகின்றனர். அவர்களுள் எவரும் இவ்விருவரையும் நோக்குவதில்லை. இவ்விருவரும் அவர்களை நோக்குவதில்லை. புண்ணிய நகரும் மறைவான அன்பும் ஒரே இரவில், ஒரே திரையில் அருகருகே உள்ளன. இவ்வோவியம் 2019 சூன் திங்களில் இலண்டன் ஏலத்தில் 25 இலட்சம் பவுனுக்கு மேல் விலைபோயிற்று. விலை உயர்ந்ததால் அச்சம் நீங்கியது என்று கொள்ளுதற்கில்லை. ஏலக்கூடத்தில் போற்றப்படும் ஒன்றை வீட்டிற் பேச இன்றும் பலர் கூசுகின்றனர்.

இவ்வோவியங்களின் அமைப்பு முறை நமக்குப் புதியதன்று. வெவ்வேறு காலங்களில் நிகழ்ந்தவற்றை ஒரே பரப்பில் அமைக்கும் முறை நம் கோயிற் சுவரோவியங்களிலும், இத்தாலியின் சியன்னா நகரத் திருச்சபைகளுக்காக 14ஆம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட படங்களிலும் காணப்படுவது. கக்கர் சியன்னா ஓவியர்களை விரும்பிக் கற்றவர். மனிதனின் நினைவும் இவ்வாறே இயங்குகிறது. நினைவில் நேற்றும் நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய நாளும் ஒரே அறையில் அமர்ந்திருக்கின்றன. புனித அகுஸ்தீன் தம் 'அறிக்கைகள்' நூலின் பத்தாம் பகுதியில் நினைவைக் குறித்து ஆராய்வதும், நான்காம் பகுதியில் இளமையில் இழந்த நண்பன் ஒருவனுக்காகப் புலம்புவதும் இறையியல் மாணவர் அறிந்தவை. நினைவைத் திறந்து வைத்தலே அறிக்கையின் தொடக்கம் என்று திருச்சபை தொன்றுதொட்டுக் கற்பித்து வந்துள்ளது.

இறுதி ஆண்டுகளில் கக்கர் புராஸ்டேட் புற்றுநோயால் துன்புற்றார். தம் நோயுற்ற உடலையும் அவர் மறைக்கவில்லை. அழகுபடுத்தப்படாத, புண்பட்ட உடல்கள் அக்காலப் படங்களில் இடம்பெறுகின்றன. 1984இல் பத்மசிறீ விருதும், 2000இல் நெதர்லாந்தின் இளவரசர் கிளாஸ் விருதும் பெற்ற அவர், 2003 ஆகஸ்டு 8ஆம் நாள் பரோடாவில் காலமானார். 2016இல் இலண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் அவரது வாழ்நாட் படைப்புகள் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, ஓவியங்களோடு அவருடைய சுடுமண் படைப்புகளும் இடம்பெற்றன.

3. களிமண்ணும் நினைவும்

ஓவியர் ஒருவர் களிமண்ணை நாடுவதேன் என்று கேட்கலாம். திரையில் தீட்டுபவர் தாம் இடும் வண்ணத்தை உடனே காண்கிறார். மட்கலத்தில் தீட்டுபவருக்கு அது வாய்ப்பதில்லை. சூளைக்குள் செல்லும்போது கருந்தூளாக இருக்கும் கோபால்ட்டு ஆக்சைடு, வெளிவரும்போது நீலமாகிறது. செம்பு கலந்த பூச்சு, காற்று நிறைந்த சூளையில் பச்சையாகவும், காற்றுக் குறைந்த சூளையில் சிவப்பாகவும் மாறக்கூடும். கலைஞர் தம் படைப்பை நெருப்பிடம் ஒப்படைத்துக் காத்திருக்க வேண்டும்.

களிமண்ணுக்கு நினைவு உண்டு என்று வனைவோர் கூறுவர். இது வெறும் அணிநலன் அன்று. ஈரக் களிமண் தகடொன்றை ஒருமுறை வளைத்துவிட்டு, பின்னர் நேராக்கி உலர்த்தினால், பார்வைக்கு அது நேராகவே இருக்கும். சூளையிலிட்டுச் சுடும்போது அது முன்பு வளைந்த பக்கமே மீண்டும் வளைவதுண்டு. மண்ணின் நுண்துகள்கள் தாம் முதலில் அடுக்கப்பட்ட ஒழுங்கைத் தாங்கி நிற்பதே இதற்குக் காரணம். வலிந்து நேராக்கியது நெருப்பில் வெளிப்பட்டுவிடுகிறது.

சுட்ட மண் மனிதரின் நினைவையும் காக்கிறது. கீழடி அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளில் ஆதன் முதலிய பெயர்கள் தமிழி எழுத்தில் கீறப்பட்டிருப்பதைக் காண்கிறோம். அரசர் எவரும் கல்லில் வெட்டாத பெயர்களை ஓடு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் காத்துள்ளது.

நம் பகுதியிலேயே இவற்றைக் காணும் வாய்ப்பு உண்டு. தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையை அடைந்தால், ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் கே. சி. எஸ். பணிக்கரின் தலைமையில் அமைந்த சோழமண்டலக் கலைஞர் கிராமம் உள்ளது. ஓவியர்களும் சிற்பிகளும் கைவினைப்பொருள் செய்து விற்று, அவ்வருவாயால் தம் கலையைப் பேணும்பொருட்டு அமைத்துக்கொண்ட குடியிருப்பு அது. அதற்கும் தெற்கே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா உள்ளது. புதுச்சேரியில் 1971இல் ரே மீக்கர், டெபோரா சுமித் ஆகியோர் தொடங்கிய பொற்பாலம் மட்பாண்டப் பட்டறையில் பயின்றோர் இன்று நாடெங்கும் பரவியுள்ளனர்.

தமிழ் வழித்தோன்றலான கலைஞர் ஒருவரையும் இங்குக் குறிப்பிடல் தகும். 1988இல் கொழும்பில் பிறந்து சிட்னியில் வளர்ந்த ரமேஷ் மரியோ நித்தியேந்திரன் ஓவியப் பயிற்சி பெற்றுப் பின்னர்ச் சுடுமண் சிற்பத்திற்கு வந்தவர். இந்து, கிறிஸ்தவ மரபுகளின் படிமங்களைக் கலந்து, ஆண் பெண் என்னும் வரையறைக்குள் அடங்காத உருவங்களை அவர் வனைகிறார். 2015இல் ஆஸ்திரேலியாவின் சிட்னி மையர் மட்கலை விருது அவருக்குக் கிட்டியது. அவருடைய உருவங்கள் வழவழப்பானவை அல்ல. விரலின் அழுத்தமும் வண்ணம் வழிந்த தடமும் அப்படியே தெரியும். கக்கரின் படங்களிலும் இத்தகைய முரட்டுத்தன்மை உண்டு. குறையை மறைத்துத் தம்மை ஏற்கும்படி இருவரும் வேண்டுவதில்லை.

4. எழும் ஐயங்கள்

இத்தகைய கலையைக் குறித்து நம்மிடையே மூன்று ஐயங்கள் எழக்கூடும்.

முதலாவது, ஆடையற்ற உடலைத் தீட்டுதல் தகுமா என்பது. மைக்கலாஞ்சலோ சிஸ்டைன் சிற்றாலயத்தில் தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியத்தின் உருவங்களுக்கு, அவர் 1564இல் மறைந்தபின் வேறோர் ஓவியரைக் கொண்டு ஆடை தீட்டினர். உடலைக் கண்டு அஞ்சுவது திருச்சபையில் பழைய வழக்கம். ஆயின் வார்த்தை மாம்சமானதை அறிக்கையிடும் சமயம் உடலை வெறுத்தல் பொருந்தாது. ஓர் உருவம் மனிதரை நுகர்பொருளாக்குகிறதா, அல்லது அவரை முழு மனிதராகக் காணச் செய்கிறதா என்பதே கேட்கத்தக்க வினா.

இரண்டாவது, இத்தகைய நெருக்கம் பேசத்தக்கதா என்பது. யோனத்தானை இழந்த தாவீதின் புலம்பலை (2 சாமுவேல் 1) நாம் நாணமின்றி வாசிக்கிறோம். 12ஆம் நூற்றாண்டின் இங்கிலாந்து மடாதிபதி ஏல்ரெட், நட்பையே இறைவனிடம் சேர்க்கும் வழியாகக் கொண்டு நூல் எழுதினார். இவர்களை இக்காலப் பெயர்களால் அழைப்பது சரியன்று. ஆயினும் ஆடவர்க்கிடையிலான ஆழ்ந்த அன்பைப் பேசும் மொழி நம் மரபில் இருந்ததென்பதும், நாம் அதனை மறந்துவிட்டோம் என்பதும் மறுக்கவொண்ணாதவை.

மூன்றாவது, லேவியராகமம் 18, ரோமர் 1 முதலிய பகுதிகள் பற்றியது. இவற்றை எந்நாளைக்கும் உரிய விலக்காகக் கொள்வோரும், அக்காலத்துச் சுரண்டலையும் சிலைவழிபாட்டையும் கண்டித்தவையாகக் கொள்வோரும் ஒரே திருச்சபையில் உள்ளனர். இருசாராரும் மறுக்க இயலாத ஒன்று உண்டு. கேளாமல் தீர்ப்பளித்தல் திருமறையில் எங்கும் நீதியாக எண்ணப்படவில்லை. ஏசாயா 56 அண்ணகருக்கு இறைவனின் வீட்டில் இடத்தையும் பெயரையும் வாக்களிக்கிறது. அப்போஸ்தலர் 8இல் பிலிப்பு எத்தியோப்பிய அண்ணகரின் தேரில் ஏறி அவர் அருகில் அமர்ந்த பின்னரே நற்செய்தியை அறிவிக்கிறார்.

நாட்டின் சட்டம் இதற்குள் நெடுந்தொலைவு நடந்துள்ளது. 377ஆம் பிரிவு வயதுவந்தோரின் இசைவான உறவுக்குப் பொருந்தாது என 2009இல் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013இல் உச்சநீதிமன்றம் அதனை மாற்றியது. 2018 செப்டம்பர் 6ஆம் நாள் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அவ்வுறவைக் குற்றப்பட்டியலினின்று நீக்கியது. 2023 அக்டோபரில், திருமண உரிமையை அரசமைப்பின்வழித் தர மறுத்தது. 2021 சூன் 7ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் வழங்கிய ஆணை நமக்குச் சிறப்பாகக் கருதத்தக்கது. மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அடைக்கலம் தேடிய இரு பெண்களின் வழக்கில், தம் அறியாமையை அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றபின்னரே ஆணை பிறப்பித்தார். ஒருவரின் ஈர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதையும் தடைசெய்தார். நீதிபதி ஒருவர் மாணவராக அமர்ந்தார். ஆயர்களாகிய நாம் அவ்வாறு அமர்ந்ததுண்டா?

5. ஓர் ஆயரின் அறிக்கை

மேற்கூறிய வினாவைப் பிறர்மேல் சுமத்திவிட்டு நான் ஒதுங்க இயலாது. இருபது ஆண்டுகளுக்கு முன், தென்சென்னைப் புறநகர்ச் சபையொன்றில் பணியாற்றியபோது, மாலை ஆராதனை முடிந்தபின் இளைஞர் ஒருவர் என்னைக் காண வந்தார். பாடற்குழுவில் ஊக்கமாகப் பணிசெய்தவர். நெடுநேரம் தயங்கி, பெண்களிடம் தமக்கு ஈர்ப்பு எழுவதில்லை என்றும், ஆடவர் ஒருவரை நேசிப்பதாகவும் கூறினார். நான் அவரிடம் ஒரு வினாவும் கேட்கவில்லை. செபித்தேன். திருமணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்றேன். எட்டுத் திங்களுக்குப் பின் அத்திருமணத்தை நானே நடத்திவைத்தேன்.

இரண்டு ஆண்டுகளில் அது முறிந்தது. மணமகளாக வந்த பெண், தன்னிடமே ஏதோ குறை உண்டென்று எண்ணி அழுததைப் பின்னர்க் கேள்வியுற்றேன். இளைஞர் வேறு மாநிலம் சென்றார். சில ஆண்டுகள் கழித்து அவருடைய அன்னையார் ஆலய வாயிலில் என்னை நிறுத்தி, "ஐயரே, என் மகன் உங்ககிட்ட எல்லாத்தையும் சொன்னானாமே, ஒரு வார்த்தை எங்ககிட்ட சொல்லக்கூடாதா?" என்று கேட்டார்கள். அவர் கூறியதை மறைவாகக் காத்தது என் கடமையே. தெரிந்தும் அத்திருமணத்தை நடத்தியதற்கு மறுமொழி ஏதும் என்னிடம் இல்லை.

வளைந்த தகட்டை நேராக்கி உலர்த்திய செயலே அது. எரேமியா 18இல் குயவன் கெட்டுப்போன பாத்திரத்தை மீண்டும் வனைகிறான். அப்போது மண் ஈரமாக உள்ளது, கையும் குயவனுடையது. அடுத்த அதிகாரத்தில் தீர்க்கதரிசி உடைக்கும் கலசமோ சுடப்பட்டது. அதனை மீண்டும் வனைய இயலாது. குயவனின் கையை எனதென்று எண்ணியது என் முதற்பிழை. நெருப்பைக் கடந்து வந்த ஒருவரை ஈரமண் என்று எண்ணியது இரண்டாவது. மண்பாண்டங்களில் பொக்கிஷம் பெற்றிருப்பதாகப் பவுல் கூறும்போது (2 கொரிந்தியர் 4), பாண்டத்தின் வடிவத்தை அதற்குரிய நிபந்தனையாக்கவில்லை என்பதை நான் மிகவும் பிந்தியே கவனித்தேன்.

முடிவுரை

இனி ஆயர்களும் மாணவர்களும் செய்யத்தக்கவை சில. நம்மிடம் வருவோர் கூறுவதை இறுதிவரை கேட்டல் வேண்டும். அவர்தம் இசைவின்றி வீட்டாரிடமோ சபைக்குழுவிடமோ வெளியிடலாகாது. திருமணத்தை மருந்தாகப் பரிந்துரைத்தல் இருவருக்குத் தீங்கிழைப்பதாகும்; அப்பெண்ணும் ஆண்டவரின் சாயலே. பெற்றோர்க்குத் தனியே நேரம் ஒதுக்கி, அவர்தம் அச்சத்தையும் கேட்டல் வேண்டும். தேவைப்படின், இத்துறையில் தேர்ந்த, மாற்றிவிடுவதாக வாக்களிக்காத உளவியலாளரிடம் வழிகாட்டல் வேண்டும். இவற்றைச் செய்ய, மேற்கூறிய திருமறைப் பகுதிகள் பற்றிய வாதம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

கக்கரின் படங்கள் இதற்கு ஒரு பயிற்சியாக அமையும். அவற்றின்முன் நிற்பவர் உடனே ஒப்பவும் வேண்டா, மறுக்கவும் வேண்டா. சற்று நேரம் நின்று பார்த்தல் போதும். "திருச்சபையார் பார்க்கலாமா?" என்று வினவிய மாணவருக்கு என் விடை இதுவே: பார்க்கலாம், பார்க்கக் கற்பது நம் பணியின் ஒரு பகுதி.

சென்ற ஆண்டு அவ்விளைஞருக்கு, இப்போது நடுவயதினராகிய அவருக்கு, மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதினேன். அடையாளம் தெரியாதபடி இந்நிகழ்ச்சியை எழுத அவர் இசைவு தந்தார். அவருடைய மறுமொழி சுருக்கமானது. மன்னித்ததாகவோ மன்னிக்கவில்லை என்றோ அதில் இல்லை. அம்மாவை ஆலயத்தில் பார்த்தால் விசாரித்ததாகச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார். சொன்னேன். அப்பெண்ணிடம் மன்னிப்புக் கேட்கும் வாய்ப்பு எனக்கு இன்னும் கிட்டவில்லை.